மூன்று வெள்ளைக் கற்களும் ஒரு வெள்ளைப் பலகையும்

லண்டனில் இருக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தபோது டேட் பிரிட்டன் அருங்காட்சியகத்தில் மூன்று வெள்ளைக் கல் உருண்டைகளையும், வட்டமும் செவ்வகமுமாக வெட்டிய ஒரு வெள்ளைப் பலகையையும் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். "இருபதாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் கலைஞர்கள் உருவத்தை விட்டுவிட்டு அரூபத்துக்கு ஏன் போனார்கள்? பாரிஸில் செய்ததைப் பார்த்து இவர்களும் செய்தார்களா?" என்பது உங்கள் கேள்வி. அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "பத்து நிமிடம் நின்றேன், எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை." எனக்கு அந்த வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. வரலாறு தெரிந்த பிறகும் அந்தக் கற்களின் முன்னால் கண் எங்கே போக வேண்டும் என்பது பிடிபடாமல் போகலாம். அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்லப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளும்.

நான் கல் சிற்பி. சென்னையில் சிற்பம் படித்து, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் செதுக்கியும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். இந்தச் சிற்பங்களைப் பார்க்கவென்றே இரண்டு முறை இங்கிலாந்தைச் சுற்றியிருக்கிறேன். ஆகவே சிற்பத்தைப் பற்றி உளி பிடித்த கையோடு பேச முடியும். ஓவியத்தைப் பற்றி, நிறையப் பார்த்தவன் என்ற அளவில் மட்டும். 1970க்குப் பிறகான கதைக்குள் நான் போகவில்லை. அதை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் பார்த்த மூன்று கற்கள் பார்பரா ஹெப்வொர்த் 1935இல் செய்த 'மூன்று வடிவங்கள்'. பலகை, பென் நிக்கல்சன் அதே ஆண்டில் செய்த 'வெள்ளைப் புடைப்பு' (தளங்கள் மேடும் பள்ளமுமாகத் தெரிய வெட்டிய பலகையைத்தான் புடைப்பு என்கிறேன்). இருவரும் அப்போது வடக்கு லண்டனில் ஹாம்ஸ்டெட் பகுதியில் சேர்ந்து வாழ்ந்தவர்கள். பிறகு 1938இல் திருமணம் செய்துகொண்டார்கள். ஒரே ஆண்டில், ஒரே தம்பதி, ஒருவர் கல்லிலும் ஒருவர் மரத்திலும் ஏறக்குறைய ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். நீங்கள் தற்செயலாக நின்ற இடம் பிரிட்டிஷ் அரூபக் கலையின் நடுப்புள்ளி.

ஆனால் தொடக்கம் அங்கே இல்லை. இருபது ஆண்டுகள் முன்னால், 1914இல், லண்டனில் ஒரு வேகமான முயற்சி நடந்தது. விண்டம் லூயிஸ் என்ற ஓவியர் 'பிளாஸ்ட்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அதைச் சுற்றி எழுந்த இயக்கத்துக்குக் கவிஞர் எஸ்ரா பவுண்ட் 'வோர்ட்டிசிசம்' என்று பெயர் வைத்தார். நீர்ச்சுழல் என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது. எந்திரத்தின் கூர்மை, உலோகத்தின் விளிம்பு, நகரத்தின் இரைச்சல் இவைதான் அவர்களுக்குப் பிடித்தவை. அந்தக் குழுவில் சேர மறுத்த டேவிட் பாம்பெர்க் அதே ஆண்டு வரைந்த 'சேற்றுக் குளியல்' இன்றும் எனக்குப் புதிதாகவே இருக்கிறது. கிழக்கு லண்டனில் யூதர்கள் போய்வந்த ஒரு நீராவிக் குளியல் கூடம்தான் அதற்கு மூலம். படத்தில் இருப்பதோ ரத்தச் சிவப்பில் ஒரு பெரிய செவ்வகம், அதன் மேல் நீலமும் வெள்ளையுமாக மடிந்து குதிக்கும் கோணங்கள், நடுவே ஒரு கரிய தூண். முதலில் துண்டுகளாகத்தான் தெரியும். சற்று நின்றால் முதுகு, முழங்கால், கையைத் தூக்கியபடி தண்ணீருக்குள் பாயும் உடல் என்று ஒவ்வொன்றாகப் பிடிபடும்.

அடுத்த ஆண்டு ஜேக்கப் எப்ஸ்டீன் 'பாறைத் துளைப்பான்' என்ற சிற்பத்தைக் காட்சிக்கு வைத்தார். பாறை உடைக்கும் நிஜமான எந்திரத்தின் மேல் முகமூடி போன்ற தலையுடன் ஒரு வெள்ளை மனிதன் ஏறி உட்கார்ந்திருந்தான். முதல் உலகப் போர் நீண்டுகொண்டே போயிற்று. 1916இல் அதே சிற்பத்தை மறுபடி வைத்தபோது எந்திரம் இல்லை, கால்கள் இல்லை, கைகள் வெட்டுப்பட்டிருந்தன. உலோகத்தில் வார்த்த வெறும் மேலுடம்பு மட்டும். எந்திரத்தைக் கொண்டாடிய ஒரு தலைமுறை அந்த எந்திரம் என்ன செய்யும் என்பதைப் போர்க்களத்தில் பார்த்துவிட்டது. அந்தக் கூட்டத்தின் மிகத் திறமையான சிற்பியான கோதியே-ப்ரெஸ்கா 1915 ஜூனில் பிரான்சில் 23 வயதில் கொல்லப்பட்டார். பிரிட்டனில் அரூபக் கலையின் முதல் அலை இப்படி அறுந்துபோனது. இதை வரலாற்றாசிரியர்கள் ஏறக்குறைய ஒருமனதாகவே சொல்கிறார்கள்.

அடுத்த அலை எங்கிருந்து வந்தது என்பதில்தான் என் அபிப்பிராயம் பாடப்புத்தகத்திலிருந்து சற்று விலகுகிறது. பாரிஸிலிருந்து வந்தது என்பார்கள். நான் உளியிலிருந்து வந்தது என்பேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பெயர்பெற்ற சிற்பிகளில் பலர் கல்லைத் தொட்டதே குறைவு. களிமண்ணில் ஒரு மாதிரி செய்வார்கள். அதைப் பிளாஸ்டரில் வார்ப்பார்கள். பிறகு பட்டறை ஆட்கள் அளவெடுக்கும் கருவியை வைத்துப் புள்ளி புள்ளியாக அதைச் சலவைக்கல்லுக்கு மாற்றுவார்கள். அந்த முறையில் கல்லுக்குப் பேச்சே கிடையாது. களிமண்ணில் முடிவான உருவத்தை அது சுமக்க வேண்டும், அவ்வளவுதான். 1910 வாக்கில் எரிக் கில் என்ற ஆங்கிலச் சிற்பி, எப்ஸ்டீன் இருவரும் இதை மாற்றி, மாதிரி இல்லாமல் நேரே கல்லில் வெட்டத் தொடங்கினார்கள்.

இங்கே நமக்கும் ஒரு நிஜமான தொடர்பு உண்டு. கில் அந்தக் காலத்தில் இந்தியச் சிற்பத்தைப் பெரிதும் மதித்தவர். அவருக்கு அதை நெருக்கமாக்கியவர்களில் ஒருவர் ஆனந்த குமாரசுவாமி, கொழும்பில் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்தவர். இந்தியச் சிற்பங்களின் படங்களைத் தொகுத்து அவர் 1914இல் வெளியிட்ட 'விஸ்வகர்மா'வுக்கு முன்னுரை எழுதியதே கில்தான். இதை வைத்து "அரூபக் கலையே நம்மிடமிருந்து போனதுதான்" என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். கில்லும் எப்ஸ்டீனும் இந்தியக் கல்வேலையைப் பார்த்தார்கள், அதிலிருந்து துணிச்சல் பெற்றார்கள் என்பது உறுதி. அதற்கு மேல் ஒரு நேர்க்கோடு வரைய ஆதாரம் போதாது. அவர்களுக்குப் பின்னால் வந்த சிற்பி ஹென்றி மூரை இன்னும் ஆழமாகத் தொட்டவை பிரிட்டிஷ் மியூசியத்தில் பார்த்த மெக்சிக்கோ, ஆப்பிரிக்க, எகிப்தியச் சிற்பங்கள். இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

மூர் 1898இல் யார்க்‌ஷயரில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். போரில் விஷவாயுவில் அடிபட்டுத் தப்பி வந்து லீட்ஸ் கலைப்பள்ளியில் சேர்ந்தார். அங்கே கூடப் படித்தவர் ஹெப்வொர்த், ஐந்து வயது இளையவர், அதே யார்க்‌ஷயர். ஹெப்வொர்த்தின் அப்பா மாவட்டச் சாலைகளைப் பார்த்துக்கொண்ட பொறியாளர். அவரோடு காரில் போகும்போது மலைகளும் சாலைகளும் தனக்குச் சிற்பமாகவே தெரிந்ததாக ஹெப்வொர்த் எழுதியிருக்கிறார். பிறகு ரோமில் ஆர்தினி என்ற கல்தச்சரிடம் சலவைக்கல் வெட்டக் கற்றார். ஒரே கல் ஆளுக்கு ஆள் கைக்குக் கீழே நிறம் மாறும் என்று ஆர்தினி சொன்னது அவர் மனதில் கடைசிவரை தங்கிவிட்டது. கல்வேலை செய்யாதவர்களுக்கு இது கவிதை மாதிரி இருக்கும். செய்பவர்களுக்குத் தெரியும், அடி விழும் கோணத்தில் கல் நொறுங்கி வெளுப்பதும், சாய்த்து இழைத்தால் உள்நிறம் எழுவதும்.

மாதிரி இல்லாமல் நேரே கல்லில் வேலை செய்கிறவர் சீக்கிரமே ஒன்றைக் கண்டுகொள்வார். கல் எல்லாவற்றுக்கும் சம்மதிக்காது. நீட்டிய விரல், காற்றில் பறக்கும் துணி எல்லாம் அதற்கு விரோதம். திரண்ட தோள், மடிந்த முழங்கால், உருண்ட தலை இவற்றுக்கு அது ஒத்துழைக்கும். கல் கேட்டதைக் கொடுத்துக்கொண்டே போனால் மூக்கும் கண்ணும் ஒவ்வொன்றாகக் கரையும். மூரின் 1920களின் படுத்த பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குன்றாகிப் போவதை ஆண்டுவாரியாக வைத்துப் பார்த்தால் இது தெரியும். அவர் ஒரு நாள் காலையில் எழுந்து "இனி அரூபம்" என்று முடிவு செய்யவில்லை. அவர் கடைசிவரை முழுக்க அரூபக் கலைஞராக ஆகவும் இல்லை. எவ்வளவு உருக்கினாலும் உள்ளே ஓர் உடம்பு இருக்கும்.

அப்புறம் அந்த ஓட்டை. கல்லின் நடுவே ஒரு துளை போட்டு மறுபக்கம் தெரியச் செய்வது பிரிட்டிஷ் சிற்பத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. முதலில் செய்தவர் யார்? பிரிட்டனில் காலத்தால் முந்தியதாகக் கிடைப்பது அலபாஸ்டர் என்ற மென்கல்லில் ஹெப்வொர்த் செய்த சிற்பம். அதன் ஆண்டை 1931 என்றும் 1932 என்றும் குறிப்பிடுகிறார்கள். அது இரண்டாம் உலகப் போரில் அழிந்துவிட்டது, புகைப்படம் மட்டுமே மிச்சம். மூர் சற்றுப் பின்னால் தொடங்கி அதைத் தன் முழு மொழியாக்கிக்கொண்டார். அவர் ஹெப்வொர்த்திடமிருந்து எடுத்தாரா, இருவரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்களா என்பது விவாதத்துக்குரியது. ஐரோப்பாவில் அர்ச்சிபெங்கோ என்ற சிற்பி இதற்கு முன்பே உடம்பில் வெற்றிடம் விட்டுச் சிற்பம் செய்திருக்கிறார் என்பதையும் மறக்கக் கூடாது. இன்னொரு கதை சுற்றுகிறது: இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியான கார்ன்வாலின் வயல்வெளியில் நிற்கும் மென்-அன்-டோல் என்ற பழங்காலத் துளைக்கல்லைப் பார்த்துத்தான் ஹெப்வொர்த்துக்கு இந்த யோசனை வந்தது என்று. காலக்கணக்கு இதற்கு இடம் தரவில்லை. அவர் கார்ன்வாலில் குடியேறியது 1939இல், துளை போட்டது அதற்குக் குறைந்தது ஏழு ஆண்டுகள் முன்னால். பின்னால் வந்த வேலைகளில் அந்தக் கல் அவரோடு பேசியிருக்கலாம், அது வேறு விஷயம்.

துளை போடுவது என்னவென்று என் பட்டறையிலிருந்து சொல்கிறேன். இரண்டு பக்கத்திலிருந்தும் மாறி மாறிக் குடைந்துகொண்டு வருவோம். நடுவில் ஒரு விரல்கடை இருக்கும்போது உளியின் சத்தம் மாறும், கெட்டியான ஒலி போய் மெல்லிய ஒலி வரும். அந்த நேரத்தில் அடியைக் குறைக்காவிட்டால் கல் விரிந்துவிடும். ஒரு சில்லு விழுந்து முதல் முறையாக மறுபக்கத்து வெளிச்சம் உள்ளே வரும்போது கையில் இருக்கும் கல்லே வேறாகிவிடும். அதுவரை முன்பக்கம், பின்பக்கம் என்று தனித்தனியாக இருந்தவை ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். கல்லில் போடும் முதல் துளை ஒரு வெளிப்பாடு என்று மூர் 1937இல் எழுதினார். துளையின் அளவும் வடிவமும் திசையும் சரியாக இருந்தால் கல் பலவீனப்படாது, வளைவு வாசல் நிற்பதும் அதே கணக்கில்தான் என்றும் சொன்னார். வெற்றிடத்துக்கும் கல்லுக்குச் சமமான வடிவம் உண்டு என்பது கையால் கண்டுபிடித்த ஒன்று. தத்துவம் அதற்குப் பின்னால் வந்தது.

இப்போது உங்கள் மூன்று கற்களுக்கு வருவோம். 1934 அக்டோபரில் ஹெப்வொர்த்துக்கு ஒரே பிரசவத்தில் மூன்று குழந்தைகள். சில வாரங்கள் கழித்து மறுபடி உளியை எடுத்தபோது தன் வேலையின் திசையே மாறியிருந்ததாகவும், இயற்கை உருவத்தின் சாயல் எல்லாம் போய், வடிவங்களுக்கு இடையே உள்ள தூரம், அளவு, எடை இவையே தன்னை ஈர்த்ததாகவும் அவர் பிறகு எழுதினார். மூன்று கற்கள் என்றதும் மூன்று குழந்தைகள் என்று முடிச்சுப் போட ஆசை வரும். அவர் அப்படிச் சொல்லவில்லை, ஆகவே நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் சொன்ன சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டு பாருங்கள்: தூரம், அளவு, எடை. அந்தச் சிற்பம் ஓர் அடி உயரம்கூட இல்லை. நின்றபடி மேலிருந்து பார்த்தால் மூன்று உருண்டைதான் தெரியும். குனிந்து, கண்ணைக் கல்லின் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒன்றுதான் கோளம். மற்ற இரண்டும் நீண்டு சரிந்தவை, இரண்டும் ஒரே மாதிரியும் இல்லை. மெல்ல ஒரு சுற்று நடந்தால் இரண்டு கற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி அகலும், குறுகும், ஓரிடத்தில் சட்டென மூடிக்கொள்ளும். அந்த இடைவெளிதான் நான்காவது வடிவம், அவர் செதுக்கியது அதையும் சேர்த்துத்தான். பத்து நிமிடம் ஒரே இடத்தில் நின்றதாகச் சொன்னீர்கள். அந்தச் சிற்பம் நின்றால் பேசாது.

நிக்கல்சனின் பலகை வேறு விதமான பொறுமை கேட்கும். அவர் ஓவியர் வீட்டுப் பிள்ளை. அப்பா வில்லியம் நிக்கல்சன் கண்ணாடிக் குவளையின் பளபளப்பைக்கூட அப்படியே தீட்டக்கூடியவர். 1928இல் கார்ன்வாலில் செயின்ட் ஐவ்ஸ் என்ற கடலோர ஊரில் பென்னும் அவருடைய நண்பர் கிறிஸ்டோபர் வுட்டும் நடந்து போகும்போது, திறந்திருந்த ஒரு வீட்டுக்குள் ஆல்ஃபிரட் வாலிஸ் என்ற முதியவரின் படங்களைப் பார்த்தார்கள். பழைய மீனவர், பிறகு கப்பல் கழிவுச் சாமான் வியாபாரம் செய்தவர், மனைவி இறந்த பிறகு எழுபது வயதை ஒட்டி வரையத் தொடங்கியவர். ஒழுங்கில்லாமல் கிழிந்த அட்டையில், படகுக்குப் பூசும் பெயின்டில் கப்பல்களை வரைந்திருந்தார். அட்டையின் கோணல் எப்படியோ அப்படியே படமும். அதுவே ஒரு பொருள், எதற்கும் ஜன்னலாக இருக்கவில்லை. நிக்கல்சனுக்கு அப்பாவின் பளபளப்பிலிருந்து வெளியே வர வழி காட்டியது பாரிஸ் மட்டுமல்ல, இந்தக் கிழவரும்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

1933 டிசம்பரில், பாரிஸில் இருந்தபோது, அவர் முதல் புடைப்பைச் செய்தார். பலகையில் தடிமனாகப் பூசிய அடிப்பூச்சில் இரண்டு கோடுகள் வெட்டிக்கொண்ட இடத்தில் ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது, அதிலிருந்துதான் வெட்டத் தொடங்கினார் என்று ஒரு கதை உண்டு. அவரைச் சுற்றியிருந்தவர்கள் வழியாக வந்த கதை, நடந்திருக்கக்கூடியதுதான். ஆரம்பப் புடைப்புகளில் வட்டங்களைக் கையாலேயே வரைந்தார், ஓரம் சற்றுக் கோணலாக இருக்கும். 1934இல் நிறத்தையும் விட்டுவிட்டு முழுக்க வெள்ளைக்கு வந்தார். நீங்கள் பார்த்தது ஒரு மேசையின் மகாகனிப் பலகையில் வெட்டியது. அதில் வரைந்த கோடு ஒன்றுகூடக் கிடையாது. நீங்கள் கோடு என்று பார்த்ததெல்லாம் நிழல். ஒரு தளம் இன்னொன்றைவிட அரை அங்குலம் உயர்ந்தால் தடித்த நிழல், அதைவிடக் குறைந்தால் மெல்லிய நிழல். விளக்கு இடம் மாறினால் படமே மாறிவிடும். பக்கவாட்டில் போய், கன்னம் சுவரில் படுகிற அளவுக்குச் சாய்ந்து பாருங்கள் (காவலர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை). பலகை ஒரு நிலப்பரப்பாக விரியும்.

"பாரிஸின் நகலா?" என்ற உங்கள் கேள்விக்கு இப்போது நேராகவே பதில் சொல்லலாம். கடன் வாங்கினார்கள், மறைக்காமல் வாங்கினார்கள். நிக்கல்சன் 1934இல் பாரிஸில் டச்சு அரூப ஓவியர் மோன்ட்ரியானின் ஸ்டூடியோவுக்குப் போனார். அங்கே இருந்த அமைதி அவரை உலுக்கியது. ஹெப்வொர்த் அங்கிருந்த சிற்பிகள் பிரான்குஷி, ஆர்ப் ஆகியோரின் பட்டறைகளைப் பார்த்துவந்தார். ஆனால் சில ஆண்டுகளில் பாதை திரும்பிவிட்டது. ஹிட்லரிடமிருந்து தப்பியவர்களும் போருக்கு அஞ்சியவர்களும் லண்டனுக்கு வந்தார்கள். ரஷ்யச் சிற்பி நௌம் காபோ 1936இல் வந்தார். 1938இல் மோன்ட்ரியானே வந்து, ஹெப்வொர்த்தும் நிக்கல்சனும் இருந்த தெருவுக்குப் பக்கத்திலேயே அறை எடுத்து இரண்டு ஆண்டுகள் இருந்தார். கொஞ்ச காலம் ஹாம்ஸ்டெட்டின் சில தெருக்கள் ஐரோப்பிய அரூபக் கலையின் முகவரியாக இருந்தன. 1937இல் காபோ, நிக்கல்சன், கட்டடக் கலைஞர் லெஸ்லி மார்ட்டின் மூவரும் 'சர்க்கிள்' என்ற பெரிய தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். ஓவியம், சிற்பம், கட்டடம் எல்லாம் சேர்ந்து புதிய, சுத்தமான, எல்லோருக்குமான உலகைக் கட்டும் என்று அவர்கள் நம்பினார்கள். அந்த வெள்ளைக்குப் பின்னால் இப்படி ஓர் ஆசை இருந்தது. அதை இன்று அலங்காரமாக மட்டும் பார்த்தால் அவர்களுக்கு அநியாயம் செய்கிறோம்.

நாடு அவர்களை வரவேற்றதா என்றால், இல்லை. 1938இல் அமெரிக்கக் கலைச் சேகரிப்பாளர் பெக்கி குக்கன்ஹைம் தன் லண்டன் கேலரிக்காகப் பிரான்குஷி, ஆர்ப் முதலியோரின் சிற்பங்களை வரவழைத்தார். கலைப்பொருள் என்று டேட் இயக்குநர் சான்று கொடுத்தால்தான் சுங்கவரி இல்லாமல் உள்ளே விடுவார்கள். அப்போதைய இயக்குநர் ஜே. பி. மேன்சன் "இவை கலை இல்லை" என்று மறுத்துவிட்டார். மூர் உட்படப் பலர் எதிர்ப்புத் தெரிவித்து, விஷயம் நாடாளுமன்றம்வரை போன பிறகுதான் பின்வாங்கினார். நீங்கள் குழம்பிய இடமும் அதே டேட்தான். உங்கள் குழப்பத்துக்கு நல்ல முன்னோடிகள் இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

1939 ஆகஸ்டில், போர் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, ஹெப்வொர்த்தும் நிக்கல்சனும் மூன்று குழந்தைகளோடு கார்ன்வாலில் செயின்ட் ஐவ்ஸுக்குப் பக்கத்தில் உள்ள கார்பிஸ் பேவுக்குப் போனார்கள். காபோவும் பின்னாலேயே போனார். அங்கே அரூபம் வேறு முகம் எடுத்தது. உருண்டையும் வட்டமுமாக இருந்தது கடலையும் பாறையையும் உள்ளே இழுத்துக்கொண்டது. ஹெப்வொர்த்தின் 'பெலகோஸ்' 1946இல் வந்தது. கிரேக்கத்தில் கடல் என்று பொருள். ஒன்றரை அடிகூட இல்லாத எல்ம் மரச் சிற்பம். வெளியே மரத்தின் நிறம், உள்ளே குடைந்த இடத்தில் வெளிர் பூச்சு, இரண்டு முனைகளையும் இழுத்துக் கட்டிய நரம்புகள். அந்தக் குழிகளின் நிறம் தண்ணீரின், குகையின் ஆழத்துக்குத் தன்னை இழுத்துப் போவதாகவும், நரம்புகள் தனக்கும் கடலுக்கும் காற்றுக்கும் மலைக்கும் நடுவே தான் உணர்ந்த இழுவிசை என்றும் அவர் எழுதினார்.

செயின்ட் ஐவ்ஸில் பிறந்து வளர்ந்த பீட்டர் லான்யனை நான் ஓவியர்களில் முதலிடத்தில் வைப்பேன். 1951இல் வரைந்த 'போர்த்லெவன்' ஒரு துறைமுகத்தின் படம். ஆனால் அதை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் உள்ளே நின்றும் ஒரே நேரத்தில் பார்த்ததுபோல இருக்கும். கரையில் நின்று பார்க்கும் ஒரு பார்வைக்கு அந்த ஊர் அடங்காது என்பது அவருடைய வாதம். 1959இல் இன்னும் ஒரு படி போய், எந்திரமில்லாத கிளைடர் விமானம் ஓட்டக் கற்றார். மறு ஆண்டு வந்த 'தெர்மல்' காற்று மேலெழும்பித் தூக்குவதை வரைந்த படம். காற்றுக்கு உருவம் கிடையாது, ஆகவே அரூபமாக வரைவதுதான் அங்கே உண்மையாக வரைவது. இதைவிடத் தெளிவாக உங்கள் 'ஏன்' என்ற கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. 1964இல் கிளைடர் விபத்தில் காயமடைந்து 46 வயதில் இறந்தார்.

அதே ஊருக்கு வந்த டெர்ரி ஃப்ராஸ்ட் ஜெர்மனியில் போர்க்கைதி முகாமில் ஓவியம் கற்றவர். துறைமுக மேடையில் நடந்தபடி கீழே ஆடும் படகுகளைப் பார்த்தார். நடையின் தாளமும் படகின் ஆட்டமும் மட்டும் கித்தானுக்கு வந்தன, படகு வரவில்லை. இது இயற்கைக் காட்சியா, அரூபமா என்று விமர்சகர்கள் நிறைய வாதாடினார்கள். அந்த வாதத்தில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. படகை வரைந்தால் படகின் ஆட்டம் நின்றுவிடும் என்பது ஓவியருக்குத் தெரிந்திருந்தது.

எல்லோரும் நிலத்தோடு சேர்ந்தே போனார்கள் என்று சொன்னால் தவறாகிவிடும். விக்டர் பாஸ்மோர் தேம்ஸ் நதிக்கரையைப் பனிமூட்டமாக அழகாக வரைந்துகொண்டிருந்தவர், 1948இல் அதை நிறுத்திவிட்டு, எதையும் பார்த்து வரையாமல், வடிவங்களிலிருந்தே தொடங்கிக் கட்டுவேன் என்று திரும்பினார். 1956இலும் 1959இலும் டேட்டில் வந்த அமெரிக்க ஓவியக் கண்காட்சிகள் இளைஞர்களைக் கித்தானின் அளவிலேயே அதிர வைத்தன. 1960இல் லண்டனில் நடந்த 'சிச்சுவேஷன்' கண்காட்சியில் படம் அரூபமாக இருக்க வேண்டும், 30 சதுர அடிக்குக் குறையக் கூடாது என்று விதியே போட்டார்கள். யார் யாரிடமிருந்து எடுத்தார் என்பதில் இங்கேயும் தகராறு உண்டு. பிரிட்டிஷ்காரர்கள் முந்திக்கொண்டார்கள், அமெரிக்க விமர்சகர்கள் அதை மறைத்தார்கள் என்று ஓவியரும் விமர்சகருமான பேட்ரிக் ஹெரன் பல ஆண்டுகள் எழுதினார். அவர் வாதம் பாதியளவு சரி என்று நினைக்கிறேன், அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை.

சிற்பத்தில் என்ன நடந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் கல்லை நம்பிய என்னைப் போன்றவர்களுக்கு அது ஓர் அடி. 1950களின் தொடக்கத்தில் மூரிடம் உதவியாளராக இருந்த ஆன்டனி காரோ, 1959இல் அமெரிக்கா போய்வந்து, உளியையும் களிமண்ணையும் விட்டுவிட்டு எஃகுத் தகடுகளை வெல்டிங் செய்யத் தொடங்கினார். வீட்டுக் கார் ஷெட்தான் பட்டறை. பின்னால் தள்ளி நின்று பார்க்க இடமே கிடையாது, அது அவருக்குச் சௌகரியமாகவே இருந்தது, பழைய பழக்கத்தில் 'அழகாக' அமைப்பதைத் தடுத்தது. 1962இல் செய்த 'ஒரு நாள் அதிகாலை' ஆறு மீட்டருக்கு மேல் நீளம், முழுக்கச் சிவப்பு. தகடும் குழாயும் கம்பியும் தரையில் அங்கங்கே தொட்டுக்கொண்டு போகும். பீடம் கிடையாது. நீங்கள் நிற்கும் அதே தரையில் அதுவும் நிற்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சிற்பத்தைத் தூக்கி வைத்திருந்த பீடத்தை எடுத்துவிட்டது சின்ன விஷயம்போலத் தெரியும். நான் முதல் முறை அதன் முன்னால் நின்றபோது என் கால் தானாகவே அதனோடு நடக்கத் தொடங்கியது.

ஓவியத்தில் அதே காலத்தின் பெயர் பிரிஜெட் ரைலி. 1961இல் செய்த 'சதுரங்களில் அசைவு' எப்படி வேலை செய்கிறது என்பதை நீங்களே வீட்டில் சோதிக்கலாம். சதுரங்கப் பலகைபோலக் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள் வரையுங்கள். உயரம் மாறக் கூடாது. அகலத்தை மட்டும் இடமிருந்து வலமாகக் கட்டத்துக்குக் கட்டம் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் கோடாகிவிட்டதும் மறுபடி விரியுங்கள். தாள் மடிந்து உள்ளே விழுவதுபோல் இருக்கும். அவர் செய்தது அவ்வளவே, எந்த மாயமும் இல்லை. 1965இல் நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தபோது துணிக்கடைகள் அந்தக் கோலங்களை உடையில் அச்சடித்து விற்றன. அவருக்கு அது பெரிய வேதனையாக இருந்தது. கண்ணுக்குள் நடக்கும் ஒன்றைத் துணியின் டிசைனாக்கிவிட்டார்கள். போர்க்காலச் சிறுவயதைக் கார்ன்வால் கடற்கரையில் கழித்தவர் அவர். தண்ணீர் மேல் ஒளி உடைவதைப் பார்த்த அந்த வயதுதான் தன் பார்வையைப் பழக்கியது என்று பின்னால் எழுதினார்.

மகளிடம் மறுபடி போகும்போது இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால் செயின்ட் ஐவ்ஸுக்குப் போய்வாருங்கள். பேடிங்டனிலிருந்து பென்சான்ஸ் ரயிலில் ஏறி, செயின்ட் எர்த்தில் இறங்கிச் சின்ன ரயிலுக்கு மாற வேண்டும். ஹெப்வொர்த் 1949இலிருந்து வேலை செய்த ட்ரிவின் ஸ்டூடியோ அங்கே இருக்கிறது. 1975இல் அங்கேயே ஒரு தீ விபத்தில் அவர் இறந்தார். தோட்டத்தில் சிற்பங்கள், பட்டறையில் வெட்டாத கற்கள், வரிசையாக உளிகள், மாட்டியபடியே இருக்கும் வேலை உடுப்பு. தோட்டத்தில் எந்தத் துளை வழியாக வேண்டுமானாலும் பாருங்கள், ஒன்றில் இலை தெரியும், ஒன்றில் தேவாலயக் கோபுரம். ஆனால் அதற்கு முன், சின்ன ரயிலில் வலது பக்கம் ஜன்னலோரம் உட்காருங்கள். கார்பிஸ் பே நிலையத்தை நெருங்கும்போது வளைகுடா முழுதும் ஒரே வீச்சில் தெரியும். நிலத்தின் இரண்டு கரங்கள் இரு பக்கமும் வளைந்து வந்து நடுவில் கடலைப் பிடித்திருக்கும். 'பெலகோஸ்' செய்தபோது ஹெப்வொர்த்தின் வீடு அந்த நிலையத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது.